ஐ9 போட்டால்தான் கேம் ஓடுமா?

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிற பையன்களின் பட்டியலில் முதல் வரி பெரும்பாலும் பிராசசர்தான். ஐ9 அல்லது ரைசன் 9. அதை எழுதி முடித்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், யூபிஎஸ் எல்லாம், "மிச்சம் இருக்கிற காசுக்கு" என்ற கணக்கில் வருகின்றன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி கோவை காந்திபுரத்தில் இறங்கினாலும், மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைக்குப் போனாலும், குமுளியிலிருந்து கம்பம், தேனி என்று கடை தேடினாலும் கையில் இருப்பது இதே பட்டியல்தான். பணம் கொடுக்கிற அப்பாவோ மாமாவோ கேட்பது ஒரே கேள்வி: இவ்வளவு விலை கொடுத்து அந்த ஒரு சில்லு வேணுமா?

பத்தில் எட்டு பேருக்கு வேண்டாம் என்பதே என் பதில். மீதி இரண்டு பேர் யார், ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்ற காலம் முடிந்துவிட்டது. பாலக்காட்டில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் கம்ப்யூட்டர் உதிரிகளுக்கு 18 சதவீதம்தான். வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் பில் இல்லாமல் விற்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். பில் இல்லையென்றால் வாரன்டியும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். திரையில் ஓடுகிற கேம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் படங்கள். வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. 144 படம் வேண்டுமென்றால் 7 மில்லிவினாடிகூட இல்லை. இந்த வேலையில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எங்கே பட்டது, கதவு திறந்ததா, வண்டி உருண்டால் எப்படி உருள வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, "இதையெல்லாம் வரை" என்று பட்டியல் கொடுப்பது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கி, வெளிச்சம், நிழல், புகை, தண்ணீர் எல்லாம் சேர்த்துப் புள்ளி புள்ளியாக வரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டு. சாதாரண முழு எச்டி திரையில் அப்படி வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 83 லட்சம். திரை பெரிதானால் வரைகிறவனுக்கு வேலை கூடுகிறது. கணக்குப் போடுகிறவனுக்கு அநேகமாக அதே வேலைதான், ஏனென்றால் எதிரிகளின் எண்ணிக்கை திரையோடு சேர்ந்து கூடுவதில்லை.

மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மலையில் எத்தனை பேரை இறக்கிக் கொழுந்து பறித்தாலும், ஃபாக்டரி ஒரு நாளில் எவ்வளவு அரைக்குமோ அவ்வளவுதான் தூள். ஃபாக்டரி திணறும்போது இன்னும் நூறு பேரை மலைக்கு அனுப்பினால் கொழுந்து மூட்டையிலேயே வெந்து வீணாகும். ஐ9 பிராசசரும் சுமாரான கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த கம்ப்யூட்டரில் நடப்பது இதுதான். பிராசசர் தன் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கார்டு வரைந்து முடிக்கும்வரை சும்மா காத்திருக்கும். அந்தச் சும்மாவுக்குத்தான் கூடுதலாக முப்பதாயிரம் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் கம்ப்யூட்டரில் திணறுவது யார் என்று கண்டுபிடிக்கக் கடைக்காரர் தேவையில்லை. வழக்கமாக விளையாடும் கேமைத் திறந்து, வழக்கமாகத் திணறும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்), கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற இரண்டையும் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். என்விடியா, ஏஎம்டி இரண்டு நிறுவனங்களின் மென்பொருளிலும் அது இலவசமாகவே இருக்கிறது. கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது என்றால் திணறுவது கார்டுதான், பிராசசரை மாற்றி ஒரு பயனும் இல்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு காரியம் செய்யலாம். கேமின் அமைப்பில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் 70-லிருந்து 110-க்குத் துள்ளினால், கார்டின் சுமை குறைந்ததும் வேகம் வந்துவிட்டது என்று பொருள். படம் மங்கலாகியும் அதே 70-இல் நின்றால்தான் பிராசசர் குற்றவாளி. (எஃப்பிஎஸ்ஸுக்கு அந்தக் கேமே வரம்பு போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், வீண்பழி வேண்டாம்.) புதுசு வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் இதற்குச் செலவழித்தால் பல ஆயிரம் மிஞ்சும்.

அப்படியானால் யூடியூபில் காட்டுகிற வரைபடங்களில் விலை உயர்ந்த பிராசசர் அந்த ஓட்டம் ஓடுகிறதே என்று கேட்பார்கள். அந்த வரைபடங்கள் பொய் இல்லை. ஆனால் அவை எப்படி எடுக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். பிராசசர்களுக்குள் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கார்டு எங்கேயும் தடையாக நிற்கக் கூடாது. அதனால் சோதிப்பவர்கள் ஆர்டிஎக்ஸ் 4090 போல, அந்த நேரத்தில் இருப்பதிலேயே விலை உயர்ந்த கார்டைப் போட்டு, முழு எச்டி அளவிலேயே ஓட்டுகிறார்கள். பிராசசரை அளக்க அது சரியான முறைதான். ஆனால் நாம் வாங்கப் போவது ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி ஒரு கார்டு. அதைப் போட்டு, படத்தின் தரத்தை உயர்த்தி வைத்து ஓட்டினால் வரைபடத்தில் அவ்வளவு தூரம் தள்ளி நின்ற கோடுகள் எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும்.

விலை ஏற ஏற கேமுக்கு நல்லது என்ற நம்பிக்கையே தவறு என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. இன்டெல் 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 9 285கே என்ற உச்ச பிராசசரை வெளியிட்டது. 24 கோர், அறிவித்த விலை 589 டாலர். பல கேம்களில் அது தனக்கு முந்தைய 14900கே-யையே முந்தவில்லை. அடுத்த மாதம் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் இருப்பது 8 கோர்தான், விலை 479 டாலர். கேம் என்று வந்தால் அந்த 8 கோர்காரன் 24 கோர்காரனைத் தெளிவாகத் தோற்கடித்தான். ஏஎம்டி-யின் சொந்த 16 கோர் 9950எக்ஸ்-ஐயும் சேர்த்து.

காரணம் சிக்கலானது இல்லை. கேமின் வேலையை 24 பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. முக்கியமான கணக்கை ஒன்றிரண்டு கோர் சுமக்கும், மற்றவை துணைக்கு நிற்கும். இன்றைய கேம்களில் ஆறு முதல் எட்டு கோருக்கு மேல் இருப்பவை பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கின்றன. கேமுக்கு அதைவிட முக்கியம், கணக்குக்கு வேண்டிய தகவல் சிப்புக்கு உள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. அதற்கான இடத்தைக் கேஷ் என்கிறோம். எக்ஸ்3டி என்று முடியும் பிராசசர்களில் இந்தக் கேஷை அடுக்காக வைத்து, எட்டு கோர் வகையில் 32 எம்பி-யை 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ராம் வரைக்கும் போய்வரும் நேரம் மிச்சம். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-தான் இதைச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்த முதல் பிராசசர்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஏமாற்றும் நம் பக்கத்துச் சின்ன டவுன்களில் நடக்கிறது. "ஐ7 கேமிங் சிஸ்டம்" என்று கண்ணாடிப் பெட்டியில் வண்ண விளக்கு போட்டு, நம்ப முடியாத விலைக்கு வைத்திருப்பார்கள். ஐ7 என்பது உண்மைதான். ஆனால் எந்த ஐ7? 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான், 2013-இன் ஐ7-4770-உம் ஐ7தான். கம்பெனிகளில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த அந்த ஐ7-ஐ 2022-இல் வந்த ஐ3-12100 சுலபமாக முந்தும். பெயருக்குப் பின்னால் வருகிற எண்ணில் முதல் ஓரிரு இலக்கங்கள்தான் தலைமுறை: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ஐ-வரிசை இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஆட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் கட்டாயம். ஆக, பழைய ஐ7 வாங்கிய பையன் பக்கத்து வீட்டு ஐ3-யில் ஓடுகிற கேமைத் தன் கம்ப்யூட்டரில் போட முடியாமல் முழிப்பான்.

வாலரண்டைச் சொன்னதால் அதன் கணக்கையும் பார்ப்போம். வினாடிக்கு 144 படத்துக்கு மேல் ஓட, அதை உருவாக்கிய ரயட் நிறுவனம் பரிந்துரைத்தது ஐ5-9400எஃப் பிராசசரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டும். முதலாவது 2019-இல் வந்தது, இரண்டாவது 2016-இல். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் ஆடுகிற கேமுக்குத் தேவை இவ்வளவுதான். நேர்மாறாக, சைபர்பங்க் 2077-இன் புதுப்பித்த பரிந்துரைப் பட்டியலில் ஐ7-12700, ரைசன் 7 7800எக்ஸ்3டி என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதே பட்டியலின் குறைந்தபட்சத் தேவையில் ஐ7-6700-உம் ரைசன் 5 1600-உம் இருக்கின்றன. நடுத்தர ஆறு கோர் பிராசசர் இந்த இரண்டுக்கும் நடுவில் தாராளமாக ஓடும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று இரண்டு காரணங்கள் தனியாக இருக்கின்றன. ஒன்று வெயில், இன்னொன்று கரண்ட்.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டியதும், வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை எச்சரிக்கை விடுத்ததும் நினைவிருக்கும். கோர் ஐ9-14900கே முழு வீச்சில் ஓடும்போது இழுக்க அனுமதிக்கப்பட்ட மின்சாரம் 253 வாட். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். கூலர் என்ன செய்கிறது? சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். ஒரே கம்ப்யூட்டரை ஜனவரியில் உறைபனி விழும் மூணாறு செண்டுவாரையில் ஓட்டுவதும், ஏப்ரலில் சித்தூரில் ஓட்டு வீட்டு மாடி அறையில் ஓட்டுவதும் ஒன்றல்ல. 14900கே-யின் வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 6 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்ட வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, சித்தூர் வெயிலில் அதைவிடக் குறைந்த வேகத்தை வாங்குகிறோம். கேம் ஓடும்போது 253 வாட் முழுவதையும் அது இழுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 65 வாட் வகைப் பிராசசருக்குப் போதுமான சாதாரண ஃபேன் இதற்குப் போதாது. பெரிய லிக்விட் கூலர், கனமான மதர்போர்டு, பெரிய பவர் சப்ளை என்று பிராசசர் விலைக்குப் பின்னாலேயே இன்னொரு பில் நடந்து வரும்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்களுக்கு 2024-இல் வந்த சிக்கலும் இங்கே பொருந்தும். தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதால் சில சிப்புகள் உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, கேம்கள் திடீர் திடீரென்று நின்றன. விசித்திரம் என்னவென்றால், சில கேம்களில் வந்த பிழைச் செய்தி "வீடியோ மெமரி போதவில்லை" என்றது. பலர் குற்றமில்லாத கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து திருத்தங்கள் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. செகண்ட் ஹாண்டில் 13900கே, 14900கே மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைவில் வையுங்கள். இப்போதே கையில் வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் அடி வாங்குவது இடுக்கிப் பக்கம். ஜூன், ஜூலை மழையில் மரக்கிளை லைனில் விழாத வாரம் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் அபூர்வம். ஐப்பசி மழை இடியோடுதான் வரும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் இங்கே யாரும் கம்ப்யூட்டர் வைக்கக் கூடாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட்டை ஒட்டித்தான். ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 4060, ஒரு மானிட்டர் சேர்ந்த கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது 250 வாட்டை ஒட்டி நிற்கும், ஏனென்றால் அந்தக் கார்டின் வரம்பே 115 வாட்தான். கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தும், ஆட்டத்தைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் இருக்கும். ஐ9-உம் பெரிய கார்டும் போட்ட கம்ப்யூட்டர் அதே யூபிஎஸ்ஸில் இருந்தால் கரண்ட் போன அந்த நொடியிலேயே அதுவும் அணைந்துவிடும். அதற்கு 1000 விஏ, 1500 விஏ என்று போக வேண்டும். கேஎஸ்இபி பில்லைப் பற்றியும் கேட்பார்கள். பிராசசர் 100 வாட் கூடுதலாக இழுத்து, தினம் நாலு மணி நேரம் ஆடினாலும் மாதம் 12 யூனிட்தான் கூடும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுப் பயன்பாடு மாதம் 250 யூனிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் கவனம் வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் போய், எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம் வந்துவிடும்.

லயத்து வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆன்லைன் கேமில் எதிராளி சட்டென்று இடம் மாறித் தோன்றினால், சுட்டும் படவில்லை என்றால், "பிராசசர் பத்தல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம். சர்வர் மும்பையில் இருக்கிறது, மலையில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறோம். இதற்கு மருந்து ஃபைபர் இணைப்பும், ரௌட்டரிலிருந்து நேராக இழுத்த ஒயரும். உலகத்திலேயே விலை உயர்ந்த பிராசசரும் மூணாறுக்கும் மும்பைக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைக்காது. அதேபோல, நம் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுகிற கைட் லினக்ஸில் வாலரண்ட் ஓடவில்லை என்றாலும் காரணம் பிராசசர் அல்ல. அந்தக் கேமின் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும்.

சரி, அந்த இரண்டு பேர் யார்? ஒருவர், 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துப் போட்டிகளில் கலந்துகொள்பவர். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வினாடிக்கு 240 படம் கேட்கிறார். கார்டுக்குச் சுமை குறைவு, பிராசசருக்கு ஒரு படத்துக்கு நாலு மில்லிவினாடிதான் கிடைக்கிறது. அவருக்கு எக்ஸ்3டி பிராசசர் கொடுத்த காசுக்குப் பலன் தரும். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ், ஃபேக்டோரியோ, ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரி ஆயிரக்கணக்கான பொருள்களைக் கணக்கு வைக்க வேண்டிய கேம்களை ஆடுபவருக்கும் அப்படியே. இன்னொருவர், அதே கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர், பிளெண்டரில் வேலை பார்ப்பவர். அவருக்கு 16 கோர், 24 கோர் வருமானம் கொடுக்கும் கருவி. கேம் அதில் ஓசியாக ஓடும்.

"ஐ9 போட்டுட்டா அஞ்சு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் தம்பி" என்று கடைக்காரர் சொல்வதற்கும் பதில் வேண்டும். 2017-இல் ஏஎம்டி-யின் ஏஎம்4 மதர்போர்டில் சுமாரான ரைசன் போட்டவர்களில் பலர், ஐந்து வருடம் கழித்து பயோஸை மட்டும் புதுப்பித்துவிட்டு அதே போர்டில் 5800எக்ஸ்3டி-யைச் சொருகினார்கள். அதே 2017-இல் உச்ச விலை கொடுத்து வாங்கிய எந்தப் பிராசசரும் கேமில் அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரைக்குமாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 7600 போட்டு, தேவைப்படும்போது எக்ஸ்3டி-க்குப் போகலாம். பணம் இன்னும் குறைவா? கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி-யில் தொடங்கலாம். அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வாலரண்டுக்குப் போதும், கார்டை அடுத்த ஓணத்துக்கோ தீபாவளிக்கோ வாங்கிக்கொள்ளலாம். இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசசர்களுக்கு இந்த வசதி கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

ஒரு லட்சம் ரூபாயில் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொண்டால், பிராசசருக்கு இருபதாயிரத்தை ஒட்டி நிறுத்திக்கொண்டு, அதைப்போல் இரண்டு மடங்கைக் கார்டுக்கு ஒதுக்குவதே என் கணக்கு. ராம் 16 ஜிபி என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியில் தகவல் போவதால் பிராசசரின் தரத்தில் ஒரு படி ஏறிய மாதிரி பலன் தெரியும் கேம்கள் உண்டு. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயோஸில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், வாங்கிய ராம் அதன் முழு வேகத்தை எட்டாமலேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் "ஐ7 பிராசசர், 8 ஜிபி கிராபிக்ஸ்" என்று எழுதிக் கொடுத்தால் பணம் கொடுக்காதீர்கள். பிராசசர், மதர்போர்டு, கார்டு, பவர் சப்ளை, நாலுக்கும் முழு மாடல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.